ஆமென் வருவதற்குள்

நேசமணி மாமா புத்த மதத்தில் சேர்ந்துவிட்டார் என்று எனக்குச் சொன்னது என் கூட்டாளி பிபின். அவனுக்கு அதைச் சொன்னது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் அவனோடு கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண். அவளும் கண்ணால் கண்டதில்லை. அவளுடைய டீம் லீட் கண்டிருக்கிறாராம். குறவன்கோணத்துப் பக்கம் ஒரு ஜப்பான் ஓட்டல். செவ்வாய்க்கிழமை மத்தியானம். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டுக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். எதிரில் அவர் மனைவி. தட்டில் பச்சை மீன். டீம் லீட் வந்து, ஆர்டர் கொடுத்து, தின்று, கைகழுவி, எழுந்து போகும்வரை பெரியவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

"லேய், அது தியானம்லா," என்றான் பிபின். "மாமியையும் சேத்துட்டாரு போல இருக்கு."

ரத்னாபாய் மாமி என் அப்பாவின் தங்கை. மாமா பாறசாலையில் எங்கள் சபையின் கமிட்டியில் இருந்தவர். இப்போது இருவரும் திருவனந்தபுரத்தில் கண்ணம்மூலையில் இருக்கிறார்கள். நான் இருப்பது தோஹாவில். தூரத்தில் இருக்கிறவனுக்கு ஊரில் நடக்கிற எல்லாம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். அதிலும் நான் தமிழில் பயந்து, அது போதாமல் மலையாளத்திலும் பயந்து பார்க்கிறவன். பள்ளிக்கூடத்தில் இரண்டும் படித்ததன் பலன். புத்த மதத்தை விடப் பச்சை மீன்தான் என்னை அதிகம் கலக்கியது. மாமாவுக்கு வயிறு ஏற்கெனவே சரியில்லை.

லீவுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணம்மூலைக்குப் போனேன். மாமி கதவைத் திறந்து, நான் மெலிந்துவிட்டேன் என்றாள். எப்போதும் சொல்வதுதான். நான் சுற்றி வளைத்து, ஜப்பான், தியானம், கண்மூடுதல் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். மாமி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தியானமும் இல்ல, மண்ணும் இல்ல மக்கா. உங்க மாமா ஜெபம் பண்ணுதாரு. சாப்பாட்டு ஜெபம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மாமாவின் ஜெபத்தைத் தெரியாதவர்களுக்கு விளங்காது. அதனால் சொல்கிறேன்.

மாமாவுக்கு ஆதாரம் எழுத்து வேலை. நிலமோ வீடோ கைமாறும்போது எழுதுகிற பத்திரத்தை இங்கே ஆதாரம் என்பார்கள். வஞ்சியூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மாமாவுக்கு மேஜை. தொழிலுக்கு வந்த புதிதில் அவர் எழுதிய ஓர் ஆதாரத்தில் வாங்குகிறவரின் வீட்டுப் பெயர் விட்டுப்போயிற்று. கோலப்பன் என்று மட்டும் இருந்தது. அதே வில்லேஜில் இருந்த இன்னொரு கோலப்பன் நல்ல மனதோடு வந்து தோப்பில் ஏறி, ஒரு வருஷம் தேங்காய் பறித்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து மாமா எதையும் விடுவதில்லை. அப்பன் பெயர், வீட்டுப் பெயர், தாலுகா, வில்லேஜ், நாலு பக்கத்து எல்லை, கிணறு உண்டா, கிணற்றுக்குப் போகிற வழி உண்டா. எல்லாம் சேர்ந்தால்தான் அவருக்கு ஒரு விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

இது மெதுவாக ஜெபத்துக்குள் வந்துவிட்டது. சாதாரணமாக ஒரு மனுஷன் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி, ஆண்டவரே இந்த ஆகாரத்துக்காக நன்றி என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைப்பான். மாமாவால் அது முடியாது. எந்த ஆகாரம்? யாருக்கு? தேவனுக்கு ஆயிரம் நேசமணி. பாறசாலையில் மட்டும் தடுக்கி விழுந்தால் நேசமணிதான். நன்றி வேறொரு நேசமணியின் கணக்கில் போய் விழுந்தால் என்ன செய்வது?

"தேவனுக்குத் தெரியாதா?" என்று கல்யாணமான புதிதில் மாமி கேட்டிருக்கிறாள்.

"தெரியும் பிள்ளே," என்றாராம் மாமா. "ஆனா ரெக்கார்டுல வேணும்லா."

ஒரு கல்யாணத்தில் பந்தி ஜெபத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் போனக்காட்டுக்காரர்கள். பஸ்ஸைப் பிடித்து மலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். மாமா பந்தலின் நாலு எல்லையைச் சொல்லி முடித்து இலைக்கு வருவதற்குள் பஸ் போய்விட்டது. பெண் வீட்டில் தங்கிவிட்டுத்தான் போனார்கள். அதன்பின் யாரும் மாமாவிடம் பந்தி ஜெபத்தைக் கொடுப்பதில்லை. மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவருக்கு வீடு இருந்தது, வீட்டில் மாமி இருந்தாள்.

மாமி தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். அவளும் ஜெபக்காரிதான். ஆமென் வராமல் ஒரு பருக்கை வாயில் போடமாட்டாள். அதுதான் கஷ்டம். கல்யாணம் ஆன நாள் முதல் அவள் மாமாவோடு உட்கார்ந்து தின்ற ஒரு சாப்பாடும் சூடாக இருந்ததில்லை. ஆவி பறக்கப் பறக்க மீன்கறி எடுத்து வைப்பாள்; எல்லை சொல்லி முடிக்கும்போது அதன்மேல் ஏடு கட்டியிருக்கும். மூடி போட்டுப் பார்த்தாள். ஹாட்பாக்ஸ் வாங்கிப் பார்த்தாள். மாமா திறக்கச் சொல்லிவிட்டார். மூடிக் கிடக்கிற சொத்தைப் பார்க்காமல் எப்படி எழுதுவது என்று கேட்டாராம். தொழிலில் அவர் அதை ஒருநாளும் செய்ததில்லை.

"நீங்க தனியா இருக்கும்போ சூடா தின்னா என்ன மாமி?" என்று கேட்டேன்.

"தின்னிருக்கேனே. மாமா ஆபீஸ் போனா தின்னுவேன். தனியா திங்குத சோறு சூடா இருந்தா என்ன, ஆறினா என்ன? ரெண்டு பேரும் ஒரே மேசையில இருந்து, அவரும் ஊதி ஊதித் தின்னு, நானும் ஊதி ஊதித் தின்னு... ஒருக்கா. அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் கேக்கல்ல."

சொல்லிவிட்டு அவள் முந்தானையில் ஒரு நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஆசை எவ்வளவு சின்னது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது போலிருக்கிறது.

ஜப்பான் வந்தது இப்படி. மாமியிடம் தையல் படித்த லிபி என்ற பெண், ஜப்பானில் சில வருஷம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, புருஷனோடு சேர்ந்து குறவன்கோணத்தில் ஓட்டல் போட்டாள். ஒருநாள் டீச்சரை வழியில் பார்த்து அழைத்திருக்கிறாள். மாமி தன் பிரச்சினையைச் சொல்லவும் லிபி, டீச்சர், எங்க கடையில் பாதிச் சாப்பாடு ஆறினதுதான், ஆறியிருந்தால்தான் அதற்கு ருசி என்றாளாம். மாமிக்கு வெளிச்சம் அடித்தது. ஆறவே முடியாத சாப்பாடு. பச்சை மீன் வைத்த சுஷி, ஐஸ் தண்ணீரில் அலசின நூடுல்ஸ். இதில் ஜெபம் எவ்வளவு நீண்டால் என்ன? சூட்டை இழக்க அதனிடம் சூடே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஏன் என்றால், செவ்வாயில் இந்துக்கள் யாரும் நிலம் பதிய வரமாட்டார்கள். வஞ்சியூர் மாடிப்படிக்குக் கீழே அன்று காற்றாடும். ஆக, மாமியும் மாமாவும் செவ்வாய்தோறும் ஜப்பான் போனார்கள். மற்றதெல்லாம் டீம் லீட் பார்த்ததுதான்.

அடுத்த செவ்வாய் நானும் கூடப் போனேன். வீட்டின் முன்னறைதான் ஓட்டல். தாழ்ந்த மேஜைகள், உட்கார மெத்தைகள். லிபி வந்து மாமாவிடம், "அங்கிள், நாங்க ரெடி," என்றாள். பக்கத்து மேஜைகளில் இருந்த டெக்னோபார்க் பிள்ளைகள் குரலைத் தாழ்த்தினார்கள். வழக்கமாக வருகிறவர்களுக்குப் பழகிவிட்டது. ஒருவன் மாமா கண்ணை மூடியதும் தானும் கரண்டியைக் கீழே வைத்தான்.

மாமா தட்டை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். பிறகு போனை மாமியிடம் கொடுத்தார். ஜெபத்தில் மணி அடித்தால் அவருக்குப் பிடிக்காது. அதை வாங்கி வாயடைத்துப் பையில் போடுவது மாமியின் பொறுப்பு. பிறகு ஆரம்பித்தார்.

"திருவனந்தபுரம் ஜில்லா, நெய்யாற்றின்கரை தாலுகா, பாறசாலை வில்லேஜ், வடக்கேத்தோட்டத்து வீட்டில் காலம்சென்ற ஞானமுத்து மகன் நேசமணி ஆகிய நானும், என் மனைவி ரத்னாபாயும், இவளுடைய அண்ணன் மகனும், கீழே விவரம் சொல்லப்படும் ஆகாரத்துக்காக..."

விவரம் வந்தது. தட்டுக்குக் கிழக்கே தண்ணீர்க் கிளாஸ். தெற்கே கறுப்பு நிறச் சாறு உள்ள சின்னக் கிண்ணம். மேற்கே மேற்படி ரத்னாபாயின் தட்டு. வடக்கே சுவர். இந்த எல்லைகளுக்கு உட்பட்ட, சோற்றின்மேல் மீன் வைத்த உருண்டைகளும், அவற்றில் பச்சை நிறத்தில் அரைத்து வைத்த, எரிச்சல் தரும் சம்மந்தித் துவையலும், அதை ஒட்டிய இஞ்சியும், சகல உரிமைகளோடும். நான் ஒரு கண்ணைத் திறந்து மாமியைப் பார்த்தேன். அவள் இரண்டு கண்ணையும் திறந்துதான் இருந்தாள். பக்கத்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒருவன் பெரிய கிண்ணத்தில் ராமென் வாங்கியிருந்தான். நூடுல்ஸ், மேலே பாதி முட்டை, கோழி. ஆவி எழும்பி அவன் கண்ணாடியை மூடியிருந்தது. அவன் ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தான்.

ஆமென் வந்தது. நாங்கள் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. பச்சை மீன் வயிற்றை என்ன செய்யுமோ என்ற பயம் மட்டும் எனக்கு.

வெளியே வந்து மாமா ஆட்டோவுக்குக் கை காட்டும்போது மாமி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மக்கா, நான் என்னையே ஏமாத்திட்டேன் கேட்டியா. ஆறினத திங்க எனக்கு ஆசையே இல்ல. சூடா இருக்குதத சூடா திங்கத்தான் ஆசை. அதுக்கு ஜப்பான் வரைக்கும் வந்தும் ஆவல்ல."

என் லீவு போய்க்கொண்டிருந்தது. இந்த ஒன்றையாவது நடத்திவிட்டுப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. லிபியும் நானும் போனில் யோசித்தோம். அவள் ஒரு வழி சொன்னாள்: மேஜையிலேயே அடுப்பு வைத்து, கொதிக்கிற சட்டி. ஜெபம் எவ்வளவு நேரம் போனாலும் அடுப்பு எரியும். நீண்டால் இன்னும் நன்றாக வேகும். நான் கேஸ் குப்பியைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டேன். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

அடுத்த செவ்வாய் சட்டி வந்தது. மாமா சந்தோஷமாக ஜெபித்தார். சட்டி, அதற்குக் கீழே நெருப்பு, நாலு எல்லை. ஆமென். எலும்புச் சாறு தளதளவென்று கொதித்தது. மாமியின் முகத்தில் அந்த ஆவி பட்டபோது அவள் சிறு பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். லிபி, தட்டில் கொண்டுவந்த காளானை எடுத்துச் சட்டியில் போடப் போனாள்.

மாமா கையை நீட்டித் தடுத்தார். சட்டியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, காளானைப் பற்றி எழுதவில்லை என்றார்.

"அங்கிள், அது உள்ளே போடுறதுதானே," என்றாள் லிபி.

எழுதிக்கொடுத்த பிறகு சொத்தில் புதிதாக ஒன்று சேர்ந்தால் பிழைதிருத்தல் ஆதாரம் வேண்டும் என்று மாமா விளக்கினார். கோபமே இல்லை, கற்றுக்கொடுக்கிறவர் மாதிரித்தான் சொன்னார். பிறகு கண்ணை மூடினார். திருத்தல் ஆதாரத்தில் முதல் ஆதாரத்தின் விவரம் முழுவதும் திரும்ப வரவேண்டும். பாறசாலை வில்லேஜிலிருந்து தொடங்கியது. காளான் முடிந்ததும் முட்டைக்கோஸ். அது முடிந்ததும் கோழி. ஒவ்வொன்றுக்கும் ஞானமுத்துத் தாத்தா காலமானார். கோழிக்கு ஆமென் வந்தபோது காளான் சுருங்கிப் போயிருந்தது, குப்பியில் கேஸ் தீர்ந்து, சட்டி ஆறி, மேலே கொழுப்பு படிந்திருந்தது. மாமி ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டாள்.

லிபி விடவில்லை. நாங்கள் எழுந்து போகும்போது மாமாவைப் பிடித்து, வீடு வாங்கும்போது முதலில் கரார் என்று ஓர் ஒப்பந்தம் எழுதுவார்களே, அதுபோல மெனுவில் படம் பார்த்து முன்கூட்டியே ஜெபித்தால் ஆகாதா என்று கேட்டாள். மாமாவுக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. நல்ல கேள்வி என்றார். கரார் எழுதலாம், ஆனால் கரார் எழுதினால் பின்னால் ஆதாரமும் எழுதித்தானே ஆகவேண்டும், அது இரண்டு வேலை இல்லையா என்றார்.

அந்த வாரம் முழுவதும் மாமி போனில் சரியாகப் பேசவில்லை. மாமா என்னிடம் ரகசியமாக, உங்க மாமிக்கு ஜப்பான் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, ஒரு மாற்றத்துக்குக் கல்லாறு மலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகவா என்று கேட்டார். உண்மையான கவலைதான் அது. மாமியிடம் ஒருநாளும் கைநீட்டாத, கடிந்து பேசாத, ஆபீசில் பலகாரம் கிடைத்தால் பாதியைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவருகிற மனுஷன். சூட்டைப் பற்றி அவளே நேராகச் சொன்னால் என்ன என்று மாமியிடம் கேட்டேன். ஜெபத்தைக் குறை சொன்னதாக ஆகிவிடும் மக்கா, அதை மட்டும் என்னால் செய்ய முடியாது என்றாள்.

என் லீவின் கடைசிச் செவ்வாய். ஓட்டலில் உட்கார்ந்ததும், லிபி மெனுவை நீட்டுவதற்கு முன்பே மாமி சொன்னாள்: "மூணு ராமென். கொதிக்கக் கொதிக்க."

மாமா, நீ சுஷிதானே தின்பாய் என்றார். இன்று இது என்றாள் மாமி. அவள் குரலில் ஏதோ இருந்தது. மாமா சரி என்று தலையாட்டினார்.

மூன்று கிண்ணமும் வந்தன. லிபி அடுப்பிலிருந்து இறக்கின கையோடு ஓடிவந்து வைத்தாள். கிண்ணத்தைத் தொட முடியவில்லை. முட்டையின் மஞ்சள் இன்னும் இளகி அசைந்துகொண்டிருந்தது. மாமா போனைக் கொடுத்தார். மாமி வாங்கினாள். அவள் எப்போதும் செய்கிறபடி அதன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினாளா என்று நான் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். அவள் கண் கிண்ணத்தில் இருந்தது.

மாமா தொடங்கினார். ஜில்லா. தாலுகா. வில்லேஜ். ஞானமுத்துத் தாத்தா காலமானார். நான் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தூணாக எழும்பியது, பிறகு கயிறு மாதிரி மெலிந்தது. மாமியின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. கிழக்கே, என்றார் மாமா. கிழக்கே மேற்படி அண்ணன் மகனின் கிண்ணம். தெற்கே தண்ணீர்க் கூஜா. மேற்கே...

பைக்குள் போன் அடித்தது.

மாமாவின் போனில் ஒரு பழைய மணிச் சத்தம். எதிர் மேஜைக்காரன் தன் போனோ என்று சட்டையைத் தடவினான். மாமா கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமலே பேசிப் பார்த்தார். மேற்கே, மேற்கே என்று இரண்டு முறை சொன்னார். மணி நிற்கவில்லை. எனக்குத் தெரியும், அந்த நெற்றிக்குள் என்ன ஓடியது என்று. செவ்வாய்க்கிழமை யாரும் அழைக்கமாட்டார்கள். அழைக்கிறான் என்றால் நாள் பார்க்க நேரமில்லாத அவசரக்காரன்; எடுக்காவிட்டால் வஞ்சியூரில் பக்கத்து மேஜை எழுத்துக்காரரிடம் போய்விடுவான்.

"...மேற்கே ஜன்னல், ஆமென்," என்றார் மாமா, ஒரே மூச்சில்.

மாமி அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி, ஊதி, குடித்தாள். சூடு தாங்காமல் கண்ணில் நீர் வந்தது. வாயைத் திறந்து ஹா ஹா என்று காற்றை உள்ளே இழுத்தாள். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தாள்.

"ரத்னா, போன்," என்றார் மாமா.

"கேக்குது."

"எடு பிள்ளே."

"கையில கிண்ணம் இருக்கு."

மாமா என்னைப் பார்த்தார். பை மாமியின் மடியில், கிண்ணத்துக்கு நேர் கீழே இருந்தது. மாமியின் மடிக்குள் கைவிட்டு எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. மாமா தன் கிண்ணத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் புதிதாக ஒரு கலக்கம் வந்தது.

"வடக்கு எல்லை சொல்லல்ல," என்றார், மெல்லிய குரலில். "ஆமென் சொல்லிட்டேன். வடக்கு விட்டுப்போச்சு."

மாமி ஒரு நூடுல்ஸை உறிஞ்சி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"வடக்கே நான் இருக்கேன்," என்றாள். "சொல்லாட்டா எங்க போயிருவேன்? தின்னுங்க. சூடு போவுது."

மாமா தன் எதிரே பார்த்தார். மாமி உண்மையாகவே வடக்கில்தான் இருந்தாள். அவர் அவளையும், அவள் உதட்டில் ஒட்டியிருந்த வெங்காயத்தாளையும், ஆவி எழும்புகிற தன் கிண்ணத்தையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்தார். முக்கினார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், பழக்கம் இல்லாதவர் ஊதுவது போல, கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு ஊதினார்.

பையில் மணி நின்றது. நின்ற உடனே மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.

"கொதிக்குது பிள்ளே," என்றார் மாமா, நாக்கைச் சுட்டுக்கொண்டு.

"பையப் பைய தின்னுங்க," என்றாள் மாமி. மணி அடித்துக்கொண்டிருந்தது.